துரை வீட்டைக் கட்டியவர்கள்

கோட்டின் மூன்றாவது பொத்தான் மட்டும் மாட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. வலேர் அப்பாவின் வயிற்றை ஒரு கையால் லேசாக அமுக்கிக்கொண்டு மறுகையால் இழுத்துப் பார்த்தான். உயிரோடு இருந்தவரிடம் இப்படி நடந்துகொள்ள அவனுக்குத் துணிச்சல் வந்திருக்காது.

"விட்டுடுடா," என்றாள் அம்மா. "நல்லா இருந்தப்பவே அவருக்கு அது மாட்டாது. பத்து வருஷமா சும்மா அழகுக்குத்தான் தொங்கிட்டிருக்கு."

"திறந்து கெடந்தா பாக்க நல்லாவா இருக்கும்?"

"கைய மேல மடிச்சு வை. ஜெபமாலையக் குடுத்தா மறைச்சுக்கும்."

அந்த வெள்ளைக் கோட்டு துரை வீட்டுச் சொத்து. மொரீஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவை ஆங்கிலேய மாஜிஸ்திரேட்டுகள் ஆண்ட காலத்தில், அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் பரிமாறுவதற்காக அப்பா தெயோபிலுக்குத் தைத்துக் கொடுத்தது. பதினான்கு வயதில் பாத்திரம் கழுவப் போனவர், கடைசித் துரை கப்பலேறும்போது அந்த வீட்டுக்குத் தலைமைப் பணியாளர். பிறகு மொரீஷியஸிலிருந்து வந்த கமிஷனர்களுக்கும் அவர்தான். கமிஷனர்களும் போய், வீடு காலியாகி, சுற்றுலாப் பயணிகள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடமாக ஆன பிறகும் அவர் தினமும் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போவார். படிக்கட்டில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்த வீட்டின் சரித்திரத்தைச் சொல்லுவார். அவரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை. கோட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி ஒருமுறை கடிதம் வந்தது. நாளைக்குத் தருகிறேன் என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, அதோடு இப்போது கிளம்பிவிட்டார்.

நேற்று மதியம்தான் போனார். மக்காச்சோளக் களியும் சிவப்புப் பயறும் ஒரு துண்டு உப்புக்கருவாடும் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கோப்பை காப்பி கேட்டிருக்கிறார். அம்மா போட்டுக் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எண்பத்தெட்டு வயது. ஆறிப்போகுமே என்று அந்தக் காப்பியை அம்மா குடித்துவிட்டு, அப்புறம்தான் அழுதாளாம். அதை நேற்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அவளே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வலேர் ஜெபமாலையை அப்பாவின் விரல்களில் சுற்றினான். அம்மா எதிர்ப்பக்கம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்புக் கேக்கறப்ப சட்டுபுட்டுனு முடிச்சுடுவியா, இல்ல ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

அவர்கள் பக்கத்து வழக்கம் அது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் மூத்த பிள்ளை வாசற்படியில் நின்று, இறந்தவருக்காக ஊராரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கையால் செய்ததற்கு, வாயால் சொன்னதற்கு, மனதால் நினைத்ததற்கு. ஊரார் மன்னித்தோம் என்று சொன்னால்தான் மூடி இறங்கும். எல்லாரும் மூச்சுவிடாமல் ஒரே வரியாகச் சொல்லிவிட்டுப் போகிற சடங்குதான்.

"வாயால சொன்னதுக்கு நின்னு நிதானமாக் கேக்கணும்மா," என்றான்.

"எதுக்கு?"

"ஸ்டெஃபனி பலகை வெக்கப்போறா, தெரியுமில்ல? துரை வீட்டு வாசல்ல. வீட்டோட வரலாறு. நான்தான் எழுதியிருக்கேன். நாளைக்கு அதை ஊரே படிக்கும். தெயோபில் கதையில வந்த எங்க தாத்தா எங்கே, எங்க பாட்டி எங்கேனு கேப்பாங்க. அப்பா சொன்னதெல்லாம் கட்டுக்கதைனு பலகையப் பாத்துத்தானா அவங்களுக்குத் தெரியணும்? செத்தவரை வையறதுக்கு முன்னால நானே சொல்லி மன்னிப்பு வாங்கிடறேன்."

அம்மா போர்வையின் சுருக்கத்தை நீவினாள். "ஊருக்கெல்லாம் சொன்னாரு. உங்கிட்ட மட்டும் ஏன் சொல்லலைன்னு கேட்டிருக்கியா?"

"எனக்குத் தெரியும்."

"தெரியாது. பயம்டா அவருக்கு. சொன்னா நீ திருத்திடுவே."

வலேருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஐம்பத்திரண்டு வயதில், உயர்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷமாகச் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவன், அப்பாவின் ஒரு கதைக்காக இன்னமும் ஏங்குகிறான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அடக்கத்துக்குப் பாதிரியார் முதலில் காலை பத்து மணி என்று சொல்லியிருந்தார். மொரீஷியஸ்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கேட்டவர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். இரண்டு மாதத் தடை முடிந்து ஆக்டோபஸ் பிடிக்கக் கடல் திறக்கிற முதல் நாள் இது. தண்ணீர் வற்றுவதே காலையில்தான். ஊரே இடுப்புவரை நனைந்துகொண்டு ஈட்டியோடு ஆழமில்லாத கடற்கழியில் நிற்கும் நேரத்தில் யாரை வைத்துப் பெட்டியைத் தூக்குவது? தெயோபிலே எழுந்து வேண்டாம் என்பார் என்றாள் அம்மா. மூன்று மணி என்று மாற்றினார்கள்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் கடல் வாசனையோடு ஆட்கள் ஏறி வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் புரோஸ்பர், மீனவர், அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். ஒரு குச்சியில் நான்கு ஆக்டோபஸைக் கோத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வலேரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா இல்லேன்னா எங்க தாத்தா யாருன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது, வாத்தியாரே. துரை வீட்டு உத்தரம் வந்த கப்பல் பவளப் பாறைக்கு வெளியவே நின்னுடுச்சு. உள்ள வர வழியில்ல. எங்க தாத்தா என்ன பண்ணாரு? கயித்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நீந்திப்போயி, உத்தரத்தைக் கட்டி, தனியாளா இழுத்துட்டு வந்தாரு. துரை தொப்பியக் கழட்டினாராம்!"

"கேட்டிருக்கேன்," என்றான் வலேர்.

அந்த உத்தரம் மொரீஷியஸில் அறுத்து, எண் போட்டு, சின்னச் சின்னப் பாகங்களாக வந்தது. கப்பலும் பத்திரமாகத் துறைக்குள் வந்து, மூன்று நாளில் எல்லாவற்றையும் இறக்கியது. ஆவணக் காப்பகத்தில் அந்தக் கடிதத்தை வலேர் கையில் எடுத்துப் படித்திருக்கிறான்.

அடுத்து ரொட்டிக் கடைக்காரர் காசிமிர். பெரிய புயலின்போது துரை வீட்டுக் கூரை பறந்துவிடாமலிருக்க அவருடைய தாத்தா ஒரு பகல் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தாராம், துணைக்கு ஓர் ஆட்டுக்கிடாயையும் ஏற்றி வைத்துக்கொண்டு. அந்தக் கூரை பறந்துபோய்விட்டது, தகரம் வேண்டும் என்று துரை எழுதிய கடிதத்தின் நகல் வலேரிடம் இருந்தது.

பிறகு லிசெட் வந்தாள். எழுபது வயதிலும் கடற்கழியில் அவளை மிஞ்சி ஆக்டோபஸ் பிடிக்க ஆளில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தெயோபிலின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்க. எங்க பாட்டியப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க." வலேரிடம் திரும்பினாள். "துரை வீட்டுக் கொடி காத்துல பறந்துபோச்சு, போர்க்கப்பல் வேற வருது. துரை அழுவுறான். எங்க பாட்டி சிவப்புப் பாவாடையக் கழட்டிக் கம்பத்துல ஏத்தினா. கப்பல்காரன் இருபத்தோரு குண்டு போட்டு அந்தப் பாவாடைக்கு மரியாதை செஞ்சுட்டுப் போனான்!"

இந்தக் கதையை வலேர் மறக்கவே முடியாது. பத்து வயதில் வகுப்பில் எழுந்து நின்று இதைச் சொன்னான். ஆசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைத்தார், இருவரும் சிரித்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து அப்பாவைப் பொய்யர் என்று கத்தினான். அப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு துரை வீட்டைப் பற்றி அவர் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் சரித்திரம் படித்ததே அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான்.

இரண்டரை மணிக்கு ஸ்டெஃபனி வந்தாள். அவனிடம் படித்த பெண், இப்போது மரபுச் சின்னக் குழுவில் வேலை. கருப்பு உடையும் தோளில் பயணப் பையுமாக நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க சார், இன்னைக்குப் போயி இதைக் கேக்கறேன். பலகையை மொரீஷியஸ்லதான் வார்க்கறாங்க. அஞ்சரை மணி விமானத்துல வாசகத்தை நான் கையோட கொண்டுபோயிடணும். எழுதியாச்சில்ல?"

"எழுதியாச்சு. அடக்கம் முடிஞ்சதும் தரேன்."

நூற்றிருபது சொற்களுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. இரண்டு மாதம் உட்கார்ந்து அவன் செதுக்கியது. கட்டிய ஆண்டு, மரத்தின் வகை, குடியிருந்த மாஜிஸ்திரேட்டுகளின் பெயர்கள், மூன்று புயல்கள், கடைசியில் ஒரு சுவாரசியத்துக்காக, தீவுக்கு முதன்முதலில் கப்பலில் கொண்டுவரப்பட்ட துரையின் குதிரை. அதன் பெயர் டியூக். அந்தக் குதிரைக்காக மட்டும் நான்கு கடிதங்கள் காப்பகத்தில் இருந்தன.

முற்றம் நிறைந்துவிட்டது. பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வலேர் வாசற்படியில் ஏறி நின்றான்.

"எங்கப்பா தெயோபில் கையால செஞ்ச தப்புக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"மன்னிச்சோம்," என்றது முற்றம்.

"வாயால சொன்னதுக்கும் மன்னிப்புக் கேக்கறேன்." அவன் அங்கே நிறுத்தினான். மன்னித்தோம் என்று சொல்லத் திறந்த வாய்கள் அப்படியே நின்றன. "இதைக் கொஞ்சம் வெவரமாச் சொல்லணும். துரை வீட்டைப் பத்தி அவரு உங்க குடும்பத்துக்கெல்லாம் சொன்ன கதைங்க நடந்ததில்ல. நான் காகிதத்தையெல்லாம் படிச்சுட்டேன். உங்க மனசு குளிரணும்னு சொன்னாரு. ஆனா நெஜமில்ல. அதுக்காக மன்னிச்சுடுங்க."

அம்மா முந்தானை போலப் போர்த்தியிருந்த கருப்புத் துணியால் வாயை மூடிக்கொண்டாள். வலேர் தரையைப் பார்த்தான். கல்லெறி விழுந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் இருந்தது.

முதலில் பேசியவர் புரோஸ்பர். "இதுக்கா இவ்வளவு பீடிகை? காசிமிர் தாத்தா கூரை மேல உக்காந்தது பொய்யின்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்! அந்தாளுக்கு ஏணியப் பாத்தாலே தலை சுத்துமாம்."

"யாருய்யா சொன்னது?" காசிமிர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "உங்க தாத்தாதான் தண்ணின்னா அலறுவாரு. கயித்தைப் பல்லுல கடிச்சாராம்! அவருக்கு ஏது பல்லு? தெயோபில் அண்ணன் உன் மூஞ்சிக்காக ஏதோ சொன்னாரு, நாங்களும் போனாப் போவுதுன்னு கேட்டுக்கிட்டோம்."

"ரெண்டும் பொய்தான்," என்றாள் லிசெட். "வாத்தியாரு சொல்றது சரி. எங்க பாட்டி பாவாடை ஒண்ணுதான் நெசம்."

அப்புறம் முற்றத்தில் யார் பேசுவது யார் கேட்பது என்று தெரியவில்லை. மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்பதில் ஊர் முழுக்க ஒரே மனதாக இருந்தது. தன் வீட்டுக் கதையை மட்டும் ஒருவரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. பாதிரியார் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சண்டையா சந்தோஷமா என்று புரியாமல் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டார்.

"சரி வாத்தியாரே," என்று காசிமிர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "நீதான் காகிதத்தைப் படிச்சிருக்கியே. எங்க ஆளுங்க கட்டலேன்னா அந்த வீட்டை யாரு கட்டினா? துரையா கல்லு சுமந்தான்?"

"தீவு ஆளுங்கதான். முப்பத்திரண்டு பேருன்னு எழுதியிருக்கு."

"பேரு?"

"பேரு இல்ல."

"ஒருத்தர் பேருகூடவா?"

"முப்பத்திரண்டு ஆட்கள்னு மட்டும்தான்…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே டியூக் என்ற பெயர் அவன் நாக்கில் வந்து நின்றது. வெட்கமாக இருந்தது. அந்த முப்பத்திரண்டு பேரை, இடம் போதவில்லை என்று பலகையிலிருந்து எடுத்தவன் அவன்தான். குதிரையை விட்டுவைத்திருந்தான்.

"அப்ப உன் காகிதமும் முழுசா இல்லியே," என்றாள் லிசெட், குத்தலாக இல்லை, பரிதாபமாகத்தான்.

"ஏங்க, மன்னிச்சீங்களா இல்லியா?" அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "மனுசன் எவ்வளவு நேரம் இப்படியே படுத்திருப்பாரு?"

"மன்னிச்சோம்!" என்றது முற்றம். சிரிப்பும் கலந்திருந்தது. மனதால் நினைத்ததற்கு வலேர் கேட்க மறந்தே போனான். அதையும் சேர்த்துத்தான் மன்னித்ததாகக் காசிமிர் சொல்லிவிட்டார்.

பெட்டி இறங்கி வந்தது. மேட்டுப் பாதையிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்பி, தேவாலயத்துக்குப் போகிற வழியில்தான் துரை வீடு. வேலை செய்த இடத்தின் முன்னால் ஒரு நிமிஷம் பெட்டியை நிறுத்துவது வழக்கம். வெள்ளையடித்த மரச் சுவர், அகலமான வராந்தா, தகரக் கூரை. எல்லாம் அப்படியே இருந்தன. படிக்கட்டில் மட்டும் யாரும் இல்லை. நடுப்படியில் ஒரு பகுதி மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருந்தது.

மறுபடி தோளில் ஏற்றும்போது தகராறு வந்தது. கடல் பக்கம் நான்தான் தூக்குவேன் என்றார் புரோஸ்பர். உத்தரம் அந்தப் பக்கமாகத்தான் வந்ததாம், அவர் தாத்தாவின் பக்கமாம். உன் இடது தோள் சரியில்லை, மரியாதையாக இந்தப் பக்கம் வா என்றார் காசிமிர். உயரம் ஒத்துவராமல் பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. உள்ளே அப்பா நகர்ந்த சத்தம் வலேருக்குக் கேட்டது.

"பாத்து! பாத்து! அவரு கோட்டு கசங்கப் போவுது," என்று லிசெட் கத்தினாள்.

வலேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பெட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்து நிமிர்த்தினான். சிரிப்போடு சேர்ந்து கண்ணீரும் வந்தது. நேற்றிலிருந்து வராத கண்ணீர். இந்த மனுஷனோடு நாற்பது வருஷம் நேரில் பேசாமல் மனதுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தோமே, ஒரு நாளாவது அந்தப் படியில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்புறம்? என்று கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே நடந்தான். இரண்டு பக்கத்து ஆட்களும் அவன் அழுவதைப் பார்த்தும் பார்க்காததுபோல நடந்தார்கள்.

அடக்கம் நான்கரைக்குள் முடிந்துவிட்டது. மண் போட்டு, மேலே காகிதப் பூ மாலைகளை வைத்துவிட்டு, பெண்கள் அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தின் குட்டைச் சுவர்மேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். வாசலில் ஸ்டெஃபனியின் ஜீப் இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. விமான நிலையம் தீவின் அந்தக் கோடியில் இருந்தது. டிரைவரும் அந்தப் பக்கத்துக்காரன், இந்த ஊர் ஆட்களை அவ்வளவாகத் தெரியாதவன்.

"சார், நேரமாயிடுச்சு."

"ஒரு பேனா குடு."

ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்து வைத்துக்கொண்டு வலேர் குதிரை வரியைக் கோடு போட்டு அடித்தான். அடுத்து ஒரு மாஜிஸ்திரேட்டின் பட்டங்களை அடித்தான், பெயரை மட்டும் விட்டான். சொற்களை எண்ணிப் பார்த்தான். மிஞ்சிய இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினான்.

ஸ்டெஃபனி வாங்கி வாய்விட்டுப் படித்தாள்: "இந்த வீட்டைக் கட்டியவர்கள் இத்தீவின் முப்பத்திரண்டு பேர். அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லை. இந்தத் தெருவில் போகிற யாரிடமாவது கேளுங்கள்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆளுக்கொரு பேரு சொல்லுவாங்களே, சார்."

"சொல்லட்டும்."

"முப்பத்திரண்டுக்கு மேல போயிடும்."

"போகட்டும்."

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

டிரைவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவன், விளையாட்டாகச் சுற்றும்முற்றும் பார்த்தான். பக்கத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றவர் புரோஸ்பர்.

"ஏன் பெரியவரே, யாருங்க அந்த முப்பத்திரண்டு பேரு?"

புரோஸ்பர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். காசிமிரும் லிசெட்டும் எங்கிருந்தோ அருகில் வந்து நின்றுகொண்டார்கள்.

"மொத ஆளு யாருன்னு சொல்றேன் கேளு," என்றார். "கப்பலு பாறைக்கு வெளியவே நின்னுடுச்சு…"

ஸ்டெஃபனி கடிகாரத்தைப் பார்த்தாள். டிரைவர் இன்ஜினை அணைத்தான்.

அம்மா சுவர்மேல் கொஞ்சம் நகர்ந்து, வலேருக்கு இடம் விட்டாள்.